விரல் காக்கும் வெளிச்சத் திரை

பவர் பிரஸ்ஸைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு. பட்டறைகளில் இதற்கு 'டை' என்று பெயர். நடுவில் தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால் மேல் அச்சு பல டன் விசையோடு இறங்கும். தகடு ஒரே அடியில் டப்பா மூடியாகவோ, வண்டியின் பாகமாகவோ மாறிவிடும். கையை விட்டு அதை எடுக்க வேண்டும், அடுத்த தகட்டை வைக்க வேண்டும், மறுபடி மிதிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை. இதில் ஒரே ஒரு தடவை காலும் கையும் தாளம் தப்பினால் போதும்...

அப்படிப் போன விரலுக்குச் சட்டமே ஒரு கணக்கு எழுதி வைத்திருந்தது. இந்தியாவில் 1923-ல் வந்த தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில், கைப் பெருவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு, ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தலா 7 என்று பல காலம் இருந்தது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது உடனே உறைக்கும். விலை போட்டாகிவிட்டால் அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிடலாம். வேலி போடும் செலவு ஒரு பக்கம், நட்ட ஈடு மறு பக்கம்!

இந்தப் பேரம் பழையது. இங்கிலாந்தில் 1844-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டம், ஓடும் இயந்திரங்களைச் சுற்றி வேலி போடச் சொன்னது. முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 1855-ல் மான்செஸ்டரில் சங்கம் அமைத்து எதிர்த்தார்கள். சார்லஸ் டிக்கன்ஸின் பத்திரிகை அவர்களைக் கிழி கிழி என்று கிழித்தது.

ஆனால் பிரஸ் ஷாப்பில் வேலி தோற்றதற்கு முதலாளி மட்டும் காரணம் இல்லை. எத்தனை பீஸ் அடித்தாரோ அதற்குத்தான் கூலி என்று இருக்கும் இடத்தில், ஒவ்வொரு தகட்டுக்கும் கம்பிக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் கூலி குறையும். அதனால் ஆபரேட்டரே அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அமுக்கினால்தான் இறங்கும் என்று ஒரு ஏற்பாடு வந்தது. ஒரு பொத்தானை எதையாவது வைத்து இறுக்கிக் கட்டிவிட்டு மற்றொன்றை மட்டும் அமுக்கும் வித்தையும் கூடவே வந்தது. பக்கத்தில் நிற்கும் உதவியாளரின் கைக்கு அந்தப் பொத்தான்களால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. இன்னொரு ஏற்பாடு இன்னும் பரிதாபம். மணிக்கட்டில் வாரைக் கட்டி, வாரைக் கம்பியில் கோர்த்து, அச்சு இறங்கும்போது கையை வெடுக்கென்று பின்னால் இழுத்துவிடுவது. பொம்மலாட்டப் பொம்மை மாதிரி ஒரு ஷிப்ட் முழுக்க!

யாருடைய கையையும் கட்டாத, வேலையை மெதுவாக்காத வேலி வேண்டும். அதைக் கொண்டு வந்தவர் ஜெர்மனியின் எர்வின் சிக். போரில் நொறுங்கிப் போன நாட்டில், 1946-ல் அமெரிக்க ராணுவ நிர்வாகத்திடம் உரிமம் வாங்கி, மியூனிக் பக்கத்தில் ஃபாட்டர்ஸ்டெட்டன் என்ற ஊரில் தொழில் தொடங்கினார். ஒளியியல் அவருக்குக் கைவந்த கலை. போட்டோ செல் அப்போது புதிது இல்லை. 1930-களிலேயே கதவைத் திறக்கவும் பொருட்களை எண்ணவும் பயன்பட்டதுதான். ஆனால் ஒற்றைக் கதிரை வைத்து ஒரு இயந்திரத்தின் வாயை மூட முடியுமா? கதிருக்கு மேலேயும் கீழேயும் கை போய்விடுமே.

சிக் செய்தது, சுழலும் கண்ணாடியால் அந்தக் கதிரை மேலும் கீழும் வேகமாக ஓடவிட்டது. எதிர்ப்பக்கம் பட்டு வந்த வழியே திரும்பும் ஒளியை அதே பெட்டி வாங்கிக்கொள்ளும். ஒற்றைக் கதிர் ஒரு திரையாகிவிட்டது. 1952-ல் ஹானோவர் கண்காட்சியில் இது வெளியுலகுக்கு வந்தது. இதில் ரசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒளி வந்துகொண்டிருந்தால்தான் இயந்திரம் ஓடலாம். விளக்கு பியூஸ் போனாலும், லென்ஸில் அழுக்குப் படிந்து மறைத்தாலும், கை நுழைந்ததாகவே எடுத்துக்கொண்டு நிறுத்திவிடும். பிற்பாடு கண்ணாடி போய் எல்.இ.டி வரிசை வந்தது. எலக்ட்ரானிக்ஸ் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வசதியும் வந்தது. 1997-ல் வெளியான ஐ.இ.சி 61496 தரநிலையில் இதற்கு வகைகள் பிரித்தார்கள். வகை 2 அவ்வப்போது மட்டும் தன்னைச் சோதிக்கும். வகை 4-ல் ஒரு பழுது வந்தாலும் பாதுகாப்பு போகாது. பிரஸ்ஸுக்கு வகை 4-தான் சரி, இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அமெரிக்காவில் வேறு மாதிரி யோசித்தார்கள். 1971-ல் பிரஸ் அச்சுக்குள் கையே போகக் கூடாது என்று விதி. கட்டுப்படியாகாது என்று 1974-ல் அதையே எடுத்துவிட்டார்கள். தொழிற்சங்கங்கள் நீதிமன்றம் போயின. கை உள்ளே போகலாம் என்று ஆனபின், லைட் கர்ட்டன் போன்ற சாதனங்களின் மேல் பாரம் விழுந்தது. அவற்றை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்கு அந்த விதியில் ஒரு கணக்கு இருக்கிறது. கையின் வேகம் விநாடிக்கு 63 அங்குலம். அதை இயந்திரம் நிற்க எடுக்கும் நேரத்தால் பெருக்க வேண்டும்.

கர்ட்டன் வாங்கப் போகிறவர் விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான். ஒளியால் கையைத் தடுக்க முடியாது. "நில்" என்று சொல்ல மட்டுமே முடியும். கை போய்ச் சேருவதற்குள் இயந்திரம் நின்றாக வேண்டும். இப்போதைய ஐ.எஸ்.ஓ 13855 கணக்கில், அரை மீட்டருக்குள் கையின் வேகம் விநாடிக்கு 2000 மில்லிமீட்டர். நிற்க மொத்தம் 0.15 விநாடி ஆகிறது என்றால் 300 மி.மீ. விரலையே பிடிக்கும் 14 மி.மீ நுணுக்கம் உள்ள கர்ட்டனுக்கு இது போதும். கையை மட்டும் பிடிக்கும் 30 மி.மீ கர்ட்டன் என்றால், விரல்கள் இடையில் நுழைந்துவிடும் என்பதால் இன்னும் 128 மி.மீ தள்ளி வைக்க வேண்டும். இரண்டாவது விலை குறைவு. ஆனால் ஒவ்வொரு பீஸுக்கும் கை போக 13, வர 13 சென்டிமீட்டர் கூடுதல். ஷிப்டுக்கு 4000 பீஸ் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேல்! அந்தத் தூரத்தை வெறுத்துத்தான் சிலர் கர்ட்டனை முன்னால் நகர்த்தி மாட்டிவிடுகிறார்கள். பிரேக் தேய்ந்து நிற்கும் நேரம் கூடினாலும் இதே ஆபத்துதான். பச்சை விளக்கு எரியும், கை நுழைந்தால் சிவப்பாகும், ஆனால் அச்சு வந்து சேர்ந்துவிடும்.

இதைவிட மோசமான தவறு ஒன்று இருக்கிறது. பழைய பிரஸ்கள் பலவற்றில் கீ கிளட்ச். பெடலை மிதித்தால் ஃப்ளைவீலோடு கிளட்ச் கோர்த்துக்கொள்ளும், ஒரு முழுச் சுற்று முடியாமல் விடாது. பாதி வழியில் நிறுத்த வழியே இல்லை. இந்த வகை பிரஸ்ஸுக்கு லைட் கர்ட்டனை அமெரிக்க விதி அனுமதிப்பதில்லை. இந்தியாவில் சின்னப் பட்டறைகளில் இன்னமும் இவை ஓடுகின்றன. இவற்றின் மேல் உலகத்திலேயே விலை உயர்ந்த கர்ட்டனை மாட்டினாலும், விரல் போவதை அது பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அங்கே கை நுழையாத கம்பி வேலிதான் வேண்டும். இல்லாவிட்டால் கிளட்ச்சையே காற்றழுத்தத்தில் இயங்கும் வகைக்கு மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கேட்டதும் பல முதலாளிகள் மறுபடி 1855-க்கே போய்விடுகிறார்கள்.