சாந்தி பப்பு – அத்திரம்பாக்கம் அகழாய்வு

சாந்தி பப்பு, தமிழகத்தின் பழங்கற்காலத்தை ஆய்ந்துவரும் தொல்லியலாளர். புனே தக்காணக் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றவர். சென்னையில் சர்மா மரபுக் கல்வி மையத்தை நிறுவியவர்.

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இன்று தொழிற்சாலைகளே நினைவுக்கு வருகின்றன. நிலவியலாளர்களுக்கோ அது மிகப் பழைய ஒரு பாறைப் படிவத்தின் பெயர். தாவரப் புதைபடிவங்கள் கொண்ட அப்படிவம், மனித இனம் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்தியது. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டிலும் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை கற்கருவிகளைக் கண்டெடுத்தது. ஆயினும் இவ்வட்டாரத்தின் மிகப் பழைய மனிதச் சுவடுகள் வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் கொற்றலையாற்றங்கரையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் கிடைத்தன.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தை அடைந்தார். அங்குள்ள அடுக்கடுக்கான களிமண், மேற்சொன்ன பழம்படிவ வகையைச் சேர்ந்தது என்றே பின்னர் நெடுங்காலம் கருதப்பட்டது. அப்படியானால் அதனுள் கருவிகள் இருக்க வழியில்லை. மேலே கிடப்பவை வெள்ளம் கொண்டுவந்தவை என்று அறிஞர்கள் அமைதி கொண்டனர்.

1999இல் தொடங்கிய அகழாய்வில் பப்பு குழுவினர் அக்களிமண்ணையே தோண்டினர். பல மீட்டர் ஆழத்திலும் கைக்கோடரிகள் இருந்தன! ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலவிய கருத்து தவறானது. தோண்டிப் பார்க்காமல் முடிவு செய்ததன் விளைவு இது.

காலத்தைக் கணித்த முறையும் சுவையானது. வெளியில் கிடக்கும் கல்லில் அண்டக்கதிர்கள் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகிய அணுக்கள் உண்டாகின்றன. கல் ஆழத்தில் புதைந்ததும் அவற்றின் உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடும். அலுமினியம் விரைவாகவும் பெரிலியம் மெதுவாகவும் சிதையும். எஞ்சிய விகிதம் புதைந்த காலத்தைச் சொல்லும். பண்டைய காந்தப்புலத் தடயங்களும் துணை நின்றன. இக்கருவிகள் குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுகள் பழமையானவை, சராசரியாக ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் 'சயின்ஸ்' இதழ் வெளியிட்டது.

2018இல் குமார் அகிலேஷும் பப்புவும் பிறரும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை இன்னும் பெரிய விவாதத்தை எழுப்பியது. பெரிய கைக்கோடரிகள் குறைந்து, திட்டமிட்டுப் பெயர்த்த சிறு சில்லுகள் மிகும் இடைப் பழங்கற்காலம் இங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது என்பது அதன் முடிவு. ஐரோப்பாவில் இத்தகைய கருவிகளைச் செய்தோர் நியாண்டர்தால் மனிதர்கள். இந்தியாவுக்கு இத்தொழில்நுட்பத்தை, ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன்போ அதற்குப் பின்போ வந்த நம் இனத்தவர் கொணர்ந்தனர் என்பது ஒரு கருத்து. அது இப்போது கேள்விக்குள்ளானது.

அத்திரம்பாக்கத்தில் அவற்றைச் செய்தோர் யார்? மாணவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். "தமிழகத்தில் நியாண்டர்தால்" என்று எழுதிவிடக் கூடாது. விலங்குப் பற்கள் சில கிடைத்தனவே தவிர, மனித எலும்பு ஒன்றும் அங்கே கிடைக்கவில்லை. கருவியை மட்டும் வைத்து இனத்தைச் சொல்ல இயலாது. இந்தியாவில் கிடைத்த தொல்மனித மண்டையோடு, 1982இல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் அருண் சோனாக்கியா கண்டெடுத்த ஒன்றுதான். அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதிலும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது.