அடுக்களைப் பொருளிலிருந்து எதிர்ப்புக் குறியீடு வரை: பெட்டீ சாரின் பொருளிணைப்புக் கலை

ஆய்வுச் சுருக்கம்

அன்றாட வீட்டுப் பொருள்களை இணைத்துப் படைக்கப்படும் பொருளிணைப்புக் கலை (அசெம்பிளேஜ்), கலையின் எல்லை எது என்னும் வினாவோடு ஐரோப்பாவில் வளர்ந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கறுப்பினக் கலைஞர்களிடம் அது இனவெறி வரலாற்றை எதிர்கொள்ளும் வடிவமாயிற்று. இம்மாற்றத்தைப் பெட்டீ சாரின் 1972ஆம் ஆண்டுப் படைப்பைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பொருளிணைப்புக் கலை, வீட்டுப் பொருள், பெட்டீ சார், வாட்ஸ், இனவெறிப் படிமம்.

முன்னுரை

பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை 1912இல் ஓவியத்தில் ஒட்டிய பிக்காசோ, கயிற்றை அதற்குச் சட்டமாக்கினார். 1913இல் மார்செல் துஷாம்ப் மிதிவண்டிச் சக்கரத்தைச் சமையலறை இருக்கையின்மேல் பொருத்தினார். 1936இல் மெரெட் ஓப்பன்ஹைம் கோப்பையையும் தட்டையும் கரண்டியையும் விலங்கின் மயிர்த்தோலால் போர்த்தினார். 1961இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சி, 'அசெம்பிளேஜ்' என்னும் பெயரைப் பரவலாக்கியது. இப்படைப்புகளில் பொருள் தன் பயன்பாட்டிலிருந்து விடுபடுவதே முதன்மை பெற்றது. அப்பொருளைக் கையாண்டவர் யார் என்னும் வினா முன்னிற்கவில்லை.

வாட்ஸ் பகுதியும் சிதைபொருள்களும்

அவ்வினா லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் வலுப்பெற்றது. அங்கு இத்தாலியக் குடியேறியான சைமன் ரோடியா, உடைந்த பீங்கான், புட்டிச் சில்லு, கிளிஞ்சல் ஆகியவற்றைப் பதித்து 1921 முதல் 1954 வரை கோபுரங்களை எழுப்பினார். 1926இல் பிறந்த பெட்டீ சார், பாட்டியின் வீட்டிற்குச் சென்ற இளம்பருவத்தில் அவை எழுவதைக் கண்டவர். 1965 ஆகஸ்டில் வாட்ஸில் மூண்ட எழுச்சியில் 34 பேர் உயிரிழந்தனர். அதன் இடிபாடுகளைத் திரட்டி நோவா பியூரிஃபோயும் ஜட்சன் பவலும் பிற கலைஞர்களும் 1966இல் '66 சைன்ஸ் ஆஃப் நியான்' கண்காட்சியை அமைத்தனர். ஜோசப் கார்னெலின் பேழை வடிவப் படைப்புகளைச் சார் 1967இல் பசடேனாவில் கண்டார். பேழை வடிவத்தைக் கார்னெலிடமும், புறக்கணிக்கப்பட்ட பொருளின் மதிப்பை வாட்ஸிலும் அவர் அறிந்துகொண்டார் எனலாம்.

ஜெமைமாவின் விடுதலை

'தி லிபரேஷன் ஆஃப் ஆன்ட் ஜெமைமா' (1972) சுமார் 30 செ.மீ. உயரமுடைய சிறு பேழை. அதன் மையத்தில் நிற்கும் பொம்மை, வீடுகளில் குறிப்புத்தாள் தாங்கியாகப் பயன்பட்டது. கறுப்பினப் பெண்ணை என்றும் சிரித்த முகத்துப் பணிப்பெண்ணாகக் காட்டும் இழிவான வார்ப்பு அது. பின்புறச் சுவரில் அதே பெயர்கொண்ட அப்ப மாவு நிறுவனத்தின் முகச்சீட்டு மீளமீள ஒட்டப்பட்டுள்ளது. அடியில் பருத்தி பரப்பப்பட்டுள்ளது. பொம்மையின் ஒரு கையில் துடைப்பம், மறுகையில் துப்பாக்கி. முன்னே உயர்த்திய கறுப்புக் கைமுட்டி.

இங்குப் பொருள் தன் பயன்பாட்டை இழக்கவில்லை. நாள்தோறும் புழங்கிய அடுக்களைப் பொருளே இழிவைப் பரப்பியதற்குச் சான்றாகிறது. பருத்தி அடிமை உழைப்பையும், முகச்சீட்டு அவ்வுழைப்பின் நினைவை விற்பனைப் பொருளாக்கிய வணிகத்தையும் சுட்டுகின்றன. சார் பொம்மையை உடைத்தெறியவில்லை, அதனைப் போராளியாக்கினார். 1889இல் தொடங்கிய அவ்வணிகப் பெயர் 2021இல்தான் மாற்றப்பட்டது. படைப்புக்கும் இம்மாற்றத்திற்கும் இடைப்பட்ட அரை நூற்றாண்டு, அடுக்களையில் நிலைத்த படிமத்தின் வலிமையைக் காட்டுகிறது.

முடிவுரை

ஐரோப்பிய முன்னோடிகள் வீட்டுப் பொருளைக் கலைக்கூடத்திற்குக் கொண்டுவந்து கலையின் வரையறையை மாற்றினர். சார் அப்பொருளோடு அதன் வரலாற்றையும் கொண்டுவந்தார். எனவே பொருளிணைப்புக் கலையை வடிவப் புதுமையாக மட்டும் வகைப்படுத்துவது போதாது. இணைக்கப்பட்ட ஒவ்வொரு பொருளும் யாருடைய உழைப்பையும் யாருடைய இழிவையும் தாங்கி வந்தது என்பதும் ஆய்வுக்குரியதாகும்.