டிரிப்ஸ் ஏறிய கதை

காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஆஸ்பத்திரி சமாச்சாரம் எதற்கு என்று கேட்காதீர்கள். இதுவும் ஒரு வரவு செலவுக் கணக்கின் வரலாறுதான்.

எங்கள் அமராவதிபுதூர் பக்கம் யாராவது காய்ச்சலில் துவண்டு போனால், "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க, தெம்பாயிரும்" என்பார்கள். அந்தத் தெம்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 சதவீத குளுக்கோஸ் 500 மி.லி. பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. நூறு கலோரிகூடத் தேறாது, இரண்டு வாழைப்பழம் அதைவிட அதிகம் தரும். அப்படியானால் டிரிப்ஸ் எதற்காக வந்தது? தெம்புக்காக அல்ல, காலராவுக்காக.

1831-ல் இங்கிலாந்தில் காலரா நுழைந்தது. வில்லியம் புரூக் ஓஷானெசி என்ற இளம் டாக்டர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார். அதில் தண்ணீரும் உப்பும் வெகுவாகக் குறைந்திருந்தன. ரத்தத்தில் குறைந்த உப்பு, நோயாளியின் பேதியில் இருந்தது. நம் செட்டிநாட்டுக் கணக்குப்பிள்ளை பேரேட்டில் ஒரு பக்கம் குறைந்ததை மறுபக்கம் தேடிப் பிடிப்பதைப் போலத்தான் இதுவும்! போனதை ரத்தக்குழாய் வழியாகவே திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதினார். இதே ஓஷானெசி பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டராகக் கல்கத்தா வந்து, 1850-களில் இந்தியாவில் தந்திக் கம்பிகளை இழுத்தார் என்பது தனிக்கதை.

அவர் எழுதியதைச் செய்து பார்த்தவர் தாமஸ் லாட்டா. ஸ்காட்லாந்தின் லீத் நகரம், 1832 மே மாதம். சாகக் கிடந்த ஒரு வயதான அம்மாவின் கையில் உப்பு நீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார். மூன்று லிட்டருக்கு மேல் போனது. அரை மணி நேரத்தில் நாடி திரும்பியது, முகம் தெளிந்தது, அந்த அம்மா பேசவே தொடங்கிவிட்டார். லாட்டா அவரை ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். வாந்தியும் பேதியும் திரும்ப வந்தன. உப்பு நீரை யாரும் மறுபடி கொடுக்கவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அவர் இறந்து போனார். மீண்டும் செலுத்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று லாட்டாவே எழுதி வைத்தார்.

எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமான இடம் இதுதான். மருந்து சரி, அளவும் ஏறக்குறைய சரி. குறைந்தது ஒன்றே ஒன்று: பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு போகிறது, எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க ஓர் ஆள். அதாவது ஒரு நர்ஸ்.

அதன் பிறகு அந்த முறை வெகுகாலம் கிடப்பில் கிடந்தது. கிருமி நீக்கம் தெரியாத காலம் என்பதால் ஊசி போட்ட இடத்தில் சீழ் பிடித்தது, குளிர் காய்ச்சல் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் அடர்த்தி கூடிய உப்பு நீரைக் கொடுத்து, காலரா சாவை நூற்றுக்கு அறுபதிலிருந்து முப்பது அளவுக்குக் குறைத்தார். காய்ச்சிய தண்ணீரிலும் செத்த கிருமிகளின் நஞ்சு மிஞ்சும், காய்ச்சலுக்குக் காரணம் அதுதான் என்று 1923-ல் புளோரன்ஸ் சைபர்ட் என்ற பெண் விஞ்ஞானி காட்டினார். 1931-ல் அமெரிக்காவில் பாட்டிலில் அடைத்த சலைன் விற்பனைக்கு வந்தது.

அப்போதும் ஊசியைக் குத்துவது டாக்டரின் வேலை. 1940-ல் பாஸ்டன் நகர மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஏடா பிளம்மர் என்ற நர்ஸிடம் அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. நம் பக்கத்தில் வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-லேயே நர்ஸிங் பயிற்சி தொடங்கியிருந்தார். அங்கே 1946-ல் அது பட்டப்படிப்பாகவும் ஆனது.

சரி, நர்ஸ் என்னதான் பார்க்கிறார்? முதலில் சொட்டுக் கணக்கு. 500 மி.லி. நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும், ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் குழாய் என்றால், 500 பெருக்கல் 20, வகுத்தல் 240 நிமிடம். நிமிடத்துக்கு 42 சொட்டு. அடுத்து கை. நாம் நரம்பு என்று சொல்லும் அந்த ரத்தக்குழாய் சிவந்து வலித்தாலோ, ஊசி நழுவித் தோலுக்கடியில் நீர் கோத்து வீங்கினாலோ நிறுத்திவிட்டு வேறு இடம் பார்க்க வேண்டும். பிறகு மூச்சு. நோயாளிக்கு இளைத்தால் நீர் அதிகமாகி நுரையீரலில் தேங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். கடைசியாகச் சார்ட். ஏறியது எவ்வளவு, சிறுநீராகப் போனது எவ்வளவு என்று நாள் முழுக்க எழுதி ஐந்தொகை எடுப்பது. அந்தக் கணக்கில் தப்பு வந்தால் நஷ்டம் பணமல்ல, உயிர்.

இந்தக் கதைக்கு ஒரு திருப்பமும் உண்டு. 1971, வங்கதேசப் போர். மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா. சலைன் பாட்டில் தீர்ந்து வந்தது, ஊசி போடத் தெரிந்தவர்களும் கொஞ்சம் பேர்தான். டாக்டர் திலீப் மஹலனோபிஸ் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. இதை வாய் வழியாகவே கொடுக்கச் சொன்னார். கொடுத்தவர்கள் யார்? அம்மாக்களும் உடன் இருந்த சொந்தக்காரர்களும். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு, 3.6 ஆகக் குறைந்தது. நினைவிழந்து கிடந்தவர்களுக்கு அப்போதும் டிரிப்ஸ்தான், இப்போதும் அப்படித்தான். குடிக்க முடிந்தவர்களைக் காப்பாற்றியது ஒரு டம்ளரும், பக்கத்தை விட்டு நகராத ஒரு ஆளும்.

லீத்தில் 1832-ல் இல்லாமல் போன அந்த ஆள், பன்காவில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வரலாறு டாக்டர்களின் பெயரை எழுதி வைத்திருக்கிறது. சொட்டை எண்ணியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

துணைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று குழாயில் இருக்கும் அந்தச் சின்னச் சக்கரத்தைத் திருப்பி விடாதீர்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு அது ஆபத்து. கை வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, குளிர் நடுக்குகிறது என்று நோயாளி சொன்னால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். இரண்டு முறை கூப்பிட்டதற்காக அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.