பால்மரமும் உப்பீனிகளும்: கதிர்வேதியியல் வரலாற்றில் ஒரு பகுதி

பேரா மாநிலத்திற்கும் பால்மரத்திற்கும் உள்ள உறவு நீண்டது. 1877ஆம் ஆண்டில் இலண்டன் க்யூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 கன்றுகளுள் சில, நம் கோலகங்சாருக்குக் கொண்டுவரப்பெற்று நடப்பட்டன. அவற்றின் வழிவந்த மரங்களை நம்பியே நம் முன்னோர் கடல் கடந்து வந்தனர். விடியுமுன் பிரட்டுக்கு நின்றனர். வெட்டிய பட்டையில் வடிந்த பாலை மங்குகளில் ஏந்தி, வாளிகளில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தனர். அதனோடு அவர்கள் வேலை முடிந்தது. ஆனால் பாலின் கதை அங்கே முடியவில்லை. தோட்டத்தை விட்டுச் சென்ற அப்பால், உலகின் ஆய்வுக்கூடங்களில் எத்தகைய மாற்றங்களை அடைந்தது என்பதை நாம் நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது அரிது. அக்கதையின் ஒரு பகுதியை, அஃதாவது கதிர்வீச்சும் குளோரின் போன்ற தனிமங்களும் பாலோடு கலந்த பகுதியை, ஈண்டு ஆராய்வோம்.

உப்பீனிகள் யாவை?

புளோரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய தனிமங்களை உப்பீனிகள் என வழங்குகிறோம். உலோகங்களோடு கூடி உப்பை ஈனுவதால் இப்பெயர் பெற்றன. நாம் உண்ணும் உப்பில் குளோரின் உண்டு. காயத்திற்குத் தடவும் மருந்திலும், கழுத்துக் கழலை வராமல் காக்க உப்பில் சேர்க்கும் பொருளிலும் அயோடின் உண்டு. ஒரே தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை உடையன அல்ல. எடை வேறாயினும் தனிம அட்டவணையில் ஓரிடத்தையே பெறும் அணுக்களை ஐசோடோப்புகள் என்பர். கிரேக்க மொழியில் அச்சொல்லின் பொருள் 'ஒரே இடம்' என்பதே. அதனால் தமிழில் ஓரிடத் தனிமங்கள் என்றும் கூறுவதுண்டு. இவற்றுள் சில தாமே சிதைந்து கதிர் வீசும். கதிர் வீசும் அணுவும் வீசாத அணுவும் வேதியியல் நடத்தையில் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே கதிர் வீசுவதை அடையாளமாகக் கொண்டு, அணு எங்கிருந்து எங்கே செல்கிறது என்று தொடர்ந்து பார்க்க இயலும். இவ்வழியை 1913இல் ஹெவெசி என்பார் பானெத்துடன் சேர்ந்து தொடங்கிவைத்தார். அதற்காக அவருக்கு 1943ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இருபத்தைந்து நிமிட அயோடின்

1934இல் இலண்டன் புனித பார்த்தலமேயு மருத்துவமனையில் சிலார்டு, சால்மர்ஸ் என்னும் இருவர் ஓர் எளிய சோதனை செய்தனர். எத்தில் அயோடைடு என்னும் நீர்மத்தை நியூட்ரான்களுக்கு உட்படுத்தினர். நியூட்ரானை ஏற்ற அயோடின் அணு, கதிர் வீசும் அயோடின் 128 ஆக மாறியது. அம்மாற்றத்தின்போது அணு காமாக் கதிரை வெளிவிட்டுப் பின்னோக்கி உதைபட்டது. துப்பாக்கி சுட்டவன் தோள் பின்வாங்குவது போன்றது அது. அவ்வுதையில் கார்பனோடு இருந்த பிணைப்பு அறுந்து, கதிர் வீசும் அயோடின் தனித்து நின்றது. அதனை நீரில் பிரித்தெடுத்தனர்.

இங்கே ஒரு வினா எழும். தனித்து நின்ற அயோடின் மீண்டும் எத்தில் அயோடைடில் உள்ள அயோடினோடு இடம் மாறிக்கொண்டால் பிரித்தெடுப்பது எங்ஙனம்? அவ்வாறு மாறிக்கொள்வது மிக மெதுவாக நிகழ்ந்ததனாலேயே சோதனை வென்றது. இவ்விடமாற்றத்தையே ஐசோடோப்புப் பரிமாற்றம் என்பர். அது எவ்வளவு விரைவில் நிகழ்கிறது என்று அளக்கும் கலையே பரிமாற்ற வேகவியல் ஆகும்.

வகுப்பறையில் இதனை விளக்க ஓர் உவமை கூறலாம். அடுத்தடுத்த இரு வகுப்புகளில் முப்பது முப்பது மாணவர் உள்ளனர் எனக் கொள்வோம். முதல் வகுப்பினர் மட்டும் சிவப்புப் பட்டை அணிந்துள்ளனர். ஒவ்வொரு நிமிடமும் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் யாரேனும் ஒருவர் எழுந்து மற்ற வகுப்புக்குச் செல்லட்டும். தலைக்கணக்கு மாறாது, வருகைப் பதிவேட்டைப் பார்ப்பவருக்கு ஒன்றுமே நிகழாதது போலத் தோன்றும். சிவப்புப் பட்டையோ இரண்டிலும் மெல்ல மெல்லப் பரவும். முதலில் விரைவாகவும், இரண்டும் சமமாக நெருங்க நெருங்கத் தணிந்தும் பரவும். அணுக்களுக்கும் இதுவே விதி. உள்ளே நிகழும் வழி எதுவாயினும், பரிமாற்றம் இந்த ஒரே வகை வளைகோட்டில்தான் செல்லும் என்பதை 1938இல் மக்கே என்பார் எடுத்துக் காட்டினார்.

இதனால் விளைந்த பயன் யாது? 1935இல் ஹியூஸ் என்பாரும் அவர் குழுவினரும் இலண்டனில் ஆக்டைல் அயோடைடு என்னும் பொருளைக் கதிர் வீசும் அயோடைடோடு கலந்து பார்த்தனர். ஒவ்வொரு முறை அயோடின் இடம் மாறும்போதும், காற்றில் குடை திரும்பிக்கொள்வதுபோல மூலக்கூற்றின் வடிவமே மறுபுறம் திரும்புகிறது என்பதை எண்ணிக்கையால் நிறுவினர். அவர்கள் பயன்படுத்திய அயோடினின் அரைவாழ்வு ஏறத்தாழ 25 நிமிடமே. பாதி வீச்சு மறைவதற்குள் கலந்து, பிரித்து, அளந்து முடிக்க வேண்டியிருந்தது! நம் பள்ளிகளில் ஒரு பாடவேளையே அதனினும் நீண்டதாகும். பின்னர் 1938இல் லிவிங்குட், சீபோர்க் என்போர் 8 நாள் அரைவாழ்வுடைய அயோடின் 131ஐக் கண்டனர். கழுத்துச் சுரப்பி நோயைக் கண்டறியவும் தீர்க்கவும் இன்றளவும் உதவுவது அதுவே.

போருக்குப் பின் இத்துறை விரிந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் வில்லார்டு என்பாரும் அவருடைய மாணவர்களும் உப்பீனிச் சேர்மங்களைக் கதிர் தாக்கும்போது எத்துணை மூலக்கூறுகள் உடைகின்றன, உடைந்த துண்டுகள் எதனோடு கூடுகின்றன என்று பல்லாண்டு ஆய்ந்தனர். குளோரினும் கார்பனும் கொண்ட சேர்மங்கள் கதிர்பட்டால் எளிதில் உடைந்து, துடிப்பு மிக்க கட்டற்ற துண்டுகளைத் தரும் என்பது நன்கு விளங்கிற்று. இவ்வறிவே பால்மரத்தின் பக்கம் திரும்பியது.

பாலைக் கெட்டிப்படுத்தும் வழிகள்

மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். காற்றுபட்டால் அது மங்கிலேயே கட்டிப்பாலாகும். அமிலம் சேர்த்தால் உறையும். ஆனால் உறைந்த ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். நீண்ட சங்கிலிகள் போன்ற அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கட்டுண்ணாமல் வழுக்கிச் செல்வதே காரணம். அச்சங்கிலிகளுக்கிடையே குறுக்குக் கட்டுகள் இடவேண்டும். 1839இல் குட்இயர் என்பார் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றி அதனைச் செய்தார். இதுவே வல்கனைசு செய்தல் எனப்படும்.

1846இல் இங்கிலாந்தின் அலெக்சாண்டர் பார்க்ஸ் சூடில்லாமலே அதனைச் செய்யும் வழி கண்டார். கந்தகக் குளோரைடைக் கார்பன் டைசல்பைடில் கரைத்து, அதில் மெல்லிய ரப்பரைத் தோய்த்தார். உப்பீனி ஒன்று ரப்பர்த் தொழிலுக்குள் நுழைந்தது அப்போதே. ஆயின் அதற்கு ஒரு விலை இருந்தது. கார்பன் டைசல்பைடின் ஆவியை நாள்தோறும் முகர்ந்த தொழிலாளர் நரம்பு தளர்ந்து, மனம் கலங்கி நலிந்தனர். 1856இல் பாரிசு மருத்துவர் டெல்பெக் இதனை எடுத்துரைத்தார். பொருளைச் செம்மை செய்யும் வழி, செய்பவனைச் சிதைக்கலாகாது என்னும் பாடம் அன்றே எழுதப்பட்டது எனலாம்.

மூன்றாவது வழி கதிர்வீச்சு. 1952இல் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வு நிலையத்தில் சார்லஸ்பி என்பார், பாலித்தீனை அணு உலையின் கதிருக்கு உட்படுத்தினால் அதன் சங்கிலிகள் தாமே கட்டுண்கின்றன என்று காட்டினார். ரப்பருக்கும் இது பொருந்தும். கந்தகம் வேண்டா, சூடு வேண்டா, கார்பனோடு கார்பன் நேரே கைகோக்கும்.

ஆனால் இடர் ஒன்றிருந்தது. ரப்பர்ப் பாலை இவ்வாறு கட்டுப்படுத்த ஏறத்தாழ 300 கிலோகிரே அளவுக் கதிர் தேவைப்பட்டது. ஒரு கிலோ எடைக்கு 300 கிலோஜூல் ஆற்றல் என்பது அதன் பொருள். அவ்வாற்றலை வெப்பமாக நீருக்குத் தந்தால் அதன் சூடு 70 டிகிரிக்கு மேல் உயரும். அத்துணைக் கதிருக்கான செலவு தொழிலுக்குக் கட்டுபடியாகாது.

இவ்விடத்தில்தான் உப்பீனிகள் மறுபடியும் வந்தன. 1961இல் ஜப்பானிய அறிஞர் மினோராவும் அசாவோவும், பாலில் கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற உப்பீனிச் சேர்மங்களைச் சிறிதளவு கலந்தால் குறுக்குக் கட்டுகள் விரைந்து தோன்றுகின்றன என்று வெளியிட்டனர். அச்சேர்மம் ரப்பர்த் துகள்களுக்குள் கரைந்து நிற்கும். கதிர்பட்டதும் குளோரினைப் பிரித்து உடையும். உடைந்த துண்டு ரப்பர்ச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். ஹைட்ரஜனை இழந்த இரு சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். தேவையான கதிரின் அளவு பல மடங்கு குறைந்தது. விஸ்கான்சின் போன்ற இடங்களில் தூய அறிவுக்காக ஆராய்ந்த ஒன்று, பேராவிலும் சிலாங்கூரிலும் வடிந்த பாலுக்குப் பொருந்தியது.

தென்கிழக்காசியாவில்

ரப்பர் விளையும் நாடுகள் இதனை ஊன்றிக் கவனித்தன. அனைத்துலக அணுசக்தி முகமையின் துணையுடன் 1980களில் ஒரு வட்டாரத் திட்டம் நடந்தது. இந்தோனேசியா 1983இல் ஜாகர்த்தாவில் முன்னோடி ஆலை ஒன்றை அமைத்தது. இந்தியாவில் கோட்டயத்திலும் பின்னர் ஓர் ஆலை எழுந்தது. நம் நாட்டில் 1972இல் தொடங்கிய அணுசக்தி நிலையம், துன் இஸ்மாயில் பெயரால் புஸ்பாத்தி எனப்பட்டு, பாங்கியில் 1982 ஜூன் 28ஆம் நாள் ஆய்வு உலையை இயக்கிற்று. 1989இல் சினகாமா என்னும் கோபால்ட் 60 கதிரூட்டு ஆலை அங்கே செயற்பட்டது. பின்பு ரேமின்டெக்ஸ் என்னும் பெயரில் ரப்பர்ப் பாலுக்கெனவே தனி ஆலை அமைந்தது.

காலமும் இதனை வேண்டி நின்றது. எய்ட்ஸ் நோயால் மருத்துவக் கையுறைகளின் தேவை பெருகியது. கந்தக முறையில் சேர்க்கும் சில வேகமூட்டிகளால் நைட்ரோசமீன் என்னும் நச்சுப்பொருள் தோன்றக்கூடும் என்பதும் அக்காலத்தில் பேசப்பட்டது. குழந்தையின் பால்புட்டிக் காம்பு வரை அந்த ஐயம் சென்றது. கதிர் முறையில் அவ்வேகமூட்டிகளுக்கே இடமில்லை.

ஆனால் கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலைக் கெடுப்பது. வான்வெளி ஓசோன் படலத்தைச் சிதைப்பது. 1990இல் இலண்டனில் திருத்தப்பட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கை அதனையும் கைவிடவேண்டிய பொருள்களில் சேர்த்தது. அதற்கு முன்னரே ஜப்பானின் தக்காசாகியில் மக்குச்சி என்பாரின் குழு, உப்பீனி இல்லாத பியூட்டைல் அக்ரிலேட் என்னும் பொருளைத் துணையாகக் கொண்டு, ஏறத்தாழ 15 கிலோகிரே அளவே போதும் என்று காட்டிவிட்டது. நீராயின் 4 டிகிரி கூடச் சூடேறாத அளவு அது. உப்பீனி வழி காட்டியது. வழி கண்டபின் விலகிக்கொண்டது. எனினும் கதிர்முறைக் கையுறை உலகச் சந்தையைப் பிடிக்கவில்லை. கந்தக முறைப் பொருளைவிடக் கிழிதாங்கும் வலிமை குறைவு. கதிரூட்டும் செலவும் உண்டு. பின்னர் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரும் போட்டியாக வந்தது.

புக்கிட் மேராவின் நினைவு

ஈப்போ வட்டாரத்தில் வாழ்வோரிடம் கதிர்வீச்சு என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஆய்வுக்கூடமன்று, புக்கிட் மேரா. ஈய மண்ணின் கழிவிலிருந்து கிடைக்கும் மோனசைட்டைக் கொண்டு அருமண் தனிமங்களைப் பிரிக்கும் ஆலை அங்கே 1982இல் இயங்கத் தொடங்கியது. அதன் கழிவில் தோரியம் இருந்தது. கழிவைப் பாப்பானில் புதைக்கும் திட்டத்தை 1984இல் மக்கள் எதிர்த்தனர். 1985இல் புக்கிட் மேரா மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொல்லியது. 1993இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும் 1994இல் ஆலை மூடப்பட்டது.

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது பிழை. கோபால்ட் 60 வீசும் காமாக் கதிர் பாலின் ஊடே செல்லும்; பிணைப்புகளை மாற்றும்; ஆனால் பாலைக் கதிர் வீசும் பொருளாக்காது. அடுப்பருகே காய்ந்த துணி அடுப்பாகிவிடாதது போல என்க. தோரியமோ கதிர் வீசும் பொருளே. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டு. அது மண்ணிலும் தூசியிலும் கலந்து மூச்சோடு உடலுள் புகுமாயின், கதிர் உள்ளிருந்தே தாக்கும். முன்னது சுவருக்குள் பூட்டிய விளக்கு. பின்னது காற்றில் சிதறிய தணல். கதிர் என்னும் ஒரு சொல்லைக் கேட்டே அஞ்சுவதும், அறிவியல் என்னும் ஒரு சொல்லைக் கேட்டே நம்புவதும் ஆகிய இரண்டும் தவறு. எந்தப் பொருள், எவ்வளவு, எங்கே, யாருடைய அருகில் என்ற நான்கு கேள்விகளையும் கேட்கத் தெரிந்த மக்களையே ஏமாற்றவும் இயலாது, வீணே அச்சுறுத்தவும் இயலாது.

ஆசிரியர் கடன்

இக்கேள்விகளைக் கேட்கும் ஆற்றலைத் தருவது பள்ளிக்கூடம். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்பு மனைகளாகியும் போயின. மங்கையும் ஒட்டுப்பாலையும் காணாத பிள்ளைகளே இன்று நம் வகுப்புகளில் மிகுதி. அவர்களுக்குத் தாத்தாவின் உழைப்பைச் சொல்லும்போது வியர்வையை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அவ்வுழைப்பின் பயனான பாலைக் கந்தகத்தால் கட்டியவர், குளோரினால் கட்டியவர், கதிரால் கட்டியவர் வரலாற்றையும் சேர்த்துச் சொல்வோமாக. அணு, ஐசோடோப்பு, பரிமாற்றம், அரைவாழ்வு என்னும் சொற்கள் அப்போது தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் சொற்களாக இரா. குடும்பக் கதையில் வரும் சொற்களாகும். பால் வெட்டிய கையின் பேரப்பிள்ளைகள் அப்பாலை ஆராயும் கூடத்திற்கும் உரியவர்கள். அதனை அவர்களுக்கு உணர்த்துவது தமிழாசிரியர் கடனேயாகும்.