கபடிக்கு ஒரு கடன்

மலருக்கு வரலாறு பற்றி ஏதாவது எழுதித் தாங்க அக்கா என்று கூட்டமைப்பில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த வரலாறு கைமடி போட்டது, பிசிர் வெட்டியது, அப்புறம் செக்கிங் டேபிள். இன்னொன்றும் கொஞ்சம் தெரியும். அது கபடி. பத்தாவது வரைக்கும் பள்ளிக்கூட அணியில் ரைடு போனவள் நான். பரீட்சை லீவில் பனியன் கம்பெனிக்குப் போனேன், லீவு முடிந்தும் திரும்பவில்லை. அது 1999.

அப்போதே நான் தொடர்ந்து ஆடியிருந்தாலும் எங்கே போய் ஆடுவது? ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கபடி 1990இல் பெய்ஜிங்கிலேயே வந்துவிட்டது. பெண்கள் கபடியைச் சேர்க்க இன்னும் இருபது வருஷம் ஆனது. 2010இல் சீனாவின் குவாங்சோவில்தான் முதல்முறை. இறுதிப் போட்டியில் தாய்லாந்தை 28-14 என்று வென்று நம் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். 2012இல் பாட்னாவில் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை நடந்தது. 16 நாடுகள் வந்தன. அங்கே ஈரானை 25-19 என்று ஜெயித்தோம். 2014இல் தென்கொரியாவின் இஞ்சியானில் மறுபடி ஈரான், மறுபடி தங்கம், 31-21.

இந்த மூன்றும் நடந்தபோது எனக்கு ஒன்றுமே தெரியாதுங்க. ஒன்றரை ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்தால் சோறாக்கவே நேரம் சரியாக இருக்கும்.

எனக்குத் தெரிந்தது தோற்ற கதைதான். 2018 ஆகஸ்ட், ஜகார்த்தா. இறுதிப் போட்டியில் ஈரான் பெண்கள் நம்மை 27-24 என்று அடித்துவிட்டார்கள். கபடி நம்ம ஊர் ஆட்டம், நாமே தோற்பதா என்று டிவியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஈரான் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் யார் தெரியுமா? மகாராஷ்டிராவில் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின் என்ற அம்மா. இந்திய அணிக்குப் பயிற்சி தர அவருக்கு வாய்ப்பு அமையவில்லை. ஈரானிலிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டார். பாஷை தெரியாத ஊரில் அந்தப் பெண்களுக்கு யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார். கபடியே மூச்சைப் பிடித்து ஆடுவதுதானே! தன் நாட்டு அணியையே எதிர்த்து நின்று தங்கம் வாங்கிக் கொடுத்த அன்று அந்த அம்மா மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

அடுத்த மாதம் எங்கள் குழுக் கூட்டம். அப்போது நான்தான் ஊக்குநர். ஒரு உறுப்பினர் உள்கடன் 3,500 ரூபாய் கேட்டார். எதற்கு என்றால், எட்டாவது படிக்கிற மகள் கபடி ஆடுகிறாள், ஷூவும் முழங்கால் பட்டையும் வாங்க வேண்டும், வெளியூர் மேட்சுக்குப் போகச் செலவுக்கும் வேண்டும் என்றார். வீட்டுக்காரர் முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

கூட்டத்தில் ஒரே சத்தம். "மாட்டுக்குக் கேளு, மருந்துக்குக் கேளு, குடுக்கலாம். விளையாடறதுக்கு ஆருங்க கடன் குடுப்பாங்க?" என்றார் ஒருவர். "வயசுக்கு வந்த புள்ள, கையு காலு ஒடிஞ்சா நாளைக்கு ஆரு கட்டிக்குவா?" என்றார் இன்னொருவர். ட்ரவுசர் போட்டு ஆடுவதைப் பற்றியும் பேச்சு வந்தது. நான் போனில் ஈரான் பெண்களின் போட்டோவைக் காட்டினேன். தலையை மூடி, முழுக்கை போட்டு ஆடியவர்கள். "உடுப்புல ஒண்ணுமில்லீங்க, எப்படிப் போட்டாலும் ஆடலாம்" என்றேன். கடைசியில் பெரியவர் ஒருவர், "நீ கம்பெனிக்குப் போகாம இருந்திருந்தா ஆடியிருப்பியா கண்ணு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவரே முதலில் கை தூக்கினார்.

பத்துத் தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும் என்று தீர்மானம் எழுதினோம். கடன் நோட்டில் "நோக்கம்" என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் "கல்வி" என்று எழுதினேன். பத்தும் தவறாமல் வந்தது.

ஜகார்த்தாவில் விட்டதை 2023இல் சீனாவின் ஹாங்சோவில் பிடித்தார்கள். எதிரே சீன தைபே, அதாவது தைவான். நமக்குத் தைவான் என்றால் நிட்டிங் மெஷின்தான் ஞாபகம் வரும், அந்த ஊர்ப் பெண்கள் கபடியும் இவ்வளவு ஆடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? லீக் ஆட்டத்திலேயே நம்மோடு 34-34 என்று சமன் செய்திருந்தார்கள். இறுதிப் போட்டி அக்டோபர் 7, சனிக்கிழமை, நமக்கெல்லாம் சம்பள நாள். காலையிலேயே ஆட்டம். கேப்டன் ஹிமாச்சலத்துப் பெண் ரிது நேகி, பயிற்சியாளர் நம் தமிழ்நாட்டுக் கவிதா செல்வராஜ். 26-25. ஒரே ஒரு புள்ளி! விரல் நுனி பட்டதா படவில்லையா என்கிற அளவுதான் ஒரு புள்ளி. அந்தப் போட்டிகளில் இந்தியாவுக்கு அது நூறாவது பதக்கம். கம்பெனியில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். டீ டைமில் வெளியே வந்துதான் எனக்குச் சேதி தெரிந்தது. சொன்னது அந்தப் பெண்தான்.

2025 நவம்பரில் டாக்காவில் இரண்டாவது உலகக் கோப்பை. முதல் கோப்பைக்கும் இதற்கும் பதின்மூன்று வருஷ இடைவெளி. ஆண்கள் கோப்பை என்றால் இப்படிக் காக்க வைப்பார்களா, தெரியவில்லை. மறுபடி சீன தைபே, 35-28 என்று ஜெயித்தோம். அதற்கு முந்தைய மாதம்தான் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டி முடிந்திருந்தது. அதில் தங்கம் வென்ற பெண்கள் அணியின் துணைக் கேப்டன் சென்னை கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா. இறுதிப் போட்டியில் ஈரானை 75-21 என்று அடித்தார்கள். ஜகார்த்தா நினைப்பில் அந்த ஸ்கோரை நான் இரண்டு தடவை படித்தேன்.

எங்கள் குழுப் பெண் இந்திய அணிக்கெல்லாம் போகவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சேர்ந்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கோடு போட்டு ஆடச் சொல்லித் தருகிறாள். போன மாதக் கூட்டத்தில் அதே செலவுக்கு இரண்டு பேர் உள்கடன் கேட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, வட்டியை மட்டும் பேசினோம். நோக்கம் கட்டத்தில் இந்தத் தடவை "கபடி" என்றே எழுதினேன். தணிக்கைக்கு வருகிறவர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.