செங்கல் டெல்ஃப்டும் முருகைக்கல் டெல்ஃப்டும்

நெதர்லாந்தின் ரயில் பாதைப் படத்தை விரித்துப் பார்க்கும் யாழ்ப்பாணத் தீவகத்தாருக்கு அது சொந்த ஊர்ப் படம் மாதிரித்தான் தெரியும். லெய்டன், டெல்ஃப்ட், ஹார்லெம், ஆம்ஸ்டர்டாம். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் வேலணைத் தீவுக்கு லெய்டன் என்று பெயரிட்டார்கள். நயினாதீவு ஹார்லெம், காரைதீவு ஆம்ஸ்டர்டாம். பேச்சில் நன்றாக ஒட்டிக்கொண்டதென்றால் நெடுந்தீவின் டெல்ஃப்ட்தான்.

இரண்டு நாட்டையும் அறிந்த ஒருவர் இருந்தார். பாதிரியார் பிலிப்பு பல்தேயு. 1632 இல் அங்குள்ள டெல்ஃப்டில் பிறந்து யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தவர். இங்குள்ள தேவாலயங்களின் படங்களோடு அவருடைய நூல் 1672 இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. ஓவியர் வெர்மேரும் பல்தேயு பிறந்த அதே 1632 இல், அதே டெல்ஃப்டில் பிறந்தவர்தான். யாழ்ப்பாணம் விழுந்த காலத்தை ஒட்டி அவர் டெல்ஃப்டின் சிறு தெரு ஒன்றைத் தீட்டினார். விரிசலும் பூச்சும் தெரிய, செங்கல் செங்கலாக.

அந்தச் செங்கல்லைத்தான் அங்கே போகிறவர் கவனிக்க வேண்டும். கட்டடக் கல் அரிதான தாழ்நிலம் அது. களிமண்ணைச் சுட்டே ஊர்களைக் கட்டினார்கள். டெல்ஃப்டின் பழைய தேவாலயக் கோபுரம் இளகிய மண்ணில் அமிழ்ந்து இன்றும் சாய்ந்தே நிற்கிறது.

நெடுந்தீவில் எல்லாம் தலைகீழ். நிலத்தில் சுண்ணக்கல், கரையில் முருகைக்கல். வளவுகளைச் சுற்றிச் சாந்தே இல்லாமல் முருகைக்கல்லை அடுக்கி மதில் எழுப்பினார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் தேனடை போலச் சிறு துளைகள். ஒரு காலத்தில் அவற்றுள் உயிர் குடியிருந்தது. இதே கல்லைச் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. கூரைக்குப் பனை இருக்கவே இருக்கிறது. ஒல்லாந்தர் பனை மரத்தை வெட்டி வெளியூருக்கு ஏற்றிக் காசும் பார்த்தார்கள்.

போர்த்துக்கேயர் கட்டிய நெடுந்தீவுக் கோட்டையும் முருகைக்கல்தான். ஆனால் கல் மட்டும் கோட்டையைக் காப்பதில்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் நடுவே நிற்கும் கடற்கோட்டையில், 1658 இல் உள்ளிருந்த போர்த்துக்கேயரைப் பணிய வைத்தது குடிநீர்த் தட்டுப்பாடு. அங்கே போகிறவர்கள் பீரங்கி மேடையைத் தேடிப் படம் பிடிக்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கோட்டையின் கதை வேறாகத் தெரியும்.

கடலோரத்தில் முருகைக்கல் எடுப்பது இப்போது சட்டப்படி தடை. அதனால் நெடுந்தீவில் ஒரு மதில் சரிந்தால், விழுந்த கற்களையே பொறுக்கித் திரும்ப அடுக்க வேண்டும். அடுக்கத் தெரிந்த கை இல்லாத வளவுக்குக் கம்பி வேலிதான்.