தூக்க அளவீட்டின் வரலாறு

தூக்க அளவீடு என்பது ஒருவர் எப்போது, எவ்வளவு ஆழமாக உறங்குகிறார் என்பதைக் கருவிகளால் அறியும் முறையாகும். இன்று மணிக்கட்டில் அணியும் உடற்பயிற்சிப் பட்டைகள் "ஆழ்ந்த தூக்கம் 52 நிமிடம்" என்பது போன்ற கணக்கைக் காலைதோறும் தருகின்றன. அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இம்முறை வளர்ந்த வரலாறு தெளிவாக்குகிறது.

மூளை அலைகள்

தொடக்கத்தில், உறங்குபவரை எழுப்ப எவ்வளவு உரத்த ஒலி தேவை என்பதைக் கொண்டே தூக்கத்தின் ஆழம் மதிப்பிடப்பட்டது. எழுப்பினால் தூக்கம் கலைந்துவிடும் என்பது இதன் குறை. செருமனியின் யெனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். இதனால் உறங்குபவரை எழுப்பாமலே ஆராய வழி பிறந்தது. 1937இல் அமெரிக்கரான ஆல்ஃபிரட் லூமிசும் அவர் குழுவினரும் இவ்வலைகளைக் கொண்டு தூக்கத்தை ஐந்து நிலைகளாகப் பகுத்தனர்.

1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசரின்ஸ்கி, நத்தேனியல் கிளைட்மன் இருவரும் தூக்கத்தின் ஒரு பகுதியில் கண்கள் விரைந்து அசைவதை அறிவித்தனர். அந்நேரத்தில் எழுப்பப்பட்டவர்களுள் பெரும்பாலோர் கனவு கண்டதாகக் கூறினர்.

1968இல் வெளிவந்த ரெக்ட்ஷாஃபன், கேல்ஸ் கையேடு பொது விதிகளை வகுத்தது. மூளை, கண், தாடைத் தசை ஆகியவற்றின் மின் பதிவுகளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தூக்க நிலை குறிக்கப்பட்டது. 30 வினாடித் துண்டே இன்றும் வழக்கில் உள்ளது. ஒரே பதிவைப் படிக்கும் பயிற்சி பெற்ற இருவர்கூட எல்லா இடங்களிலும் ஒத்துப்போவதில்லை.

மணிக்கட்டுக் கருவிகள்

ஆய்வகச் சோதனைக்குத் தலையில் மின்முனைகளை ஒட்ட வேண்டும். வீட்டில் பல நாள் அளக்க, 1970களில் கை அசைவைப் பதியும் கருவிகள் ஆராயப்பட்டன. கை அசைந்தால் விழிப்பு, அசையாவிட்டால் தூக்கம் என்பதே இவற்றின் அடிப்படை. எனவே விழித்தபடி அசையாமல் படுத்திருப்பவரையும் இவை உறங்குபவராகவே கணக்கிடக்கூடும்.

2009இல் விற்பனைக்கு வந்த ஃபிட்பிட் கருவி இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. பின்னர் வந்த பட்டைகள் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி நாடித்துடிப்பையும் அளந்தன. துடிப்பின் ஏற்ற இறக்கத்தையும் அசைவையும் சேர்த்துத் தூக்க நிலையை ஊகிக்கின்றன. மூளை அலையை அவை அளப்பதில்லை.

எண்களைப் படிக்கும் முறை

படுக்கும் நேரம், எழும் நேரம், மொத்தத் தூக்கம் ஆகியவற்றில் பட்டையின் கணக்கு ஓரளவு நெருங்கி வரும். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் பற்றிய நிமிடங்கள் மதிப்பீடுகளே. ஓர் இரவின் எண்ணைவிட இரண்டு மூன்று வாரப் போக்கே பயன் தரும். நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கிடும் முறை வேறுபடுவதால் இரு கருவிகளின் எண்களை ஒப்பிடுதல் பொருந்தாது.

நல்ல எண்களைத் துரத்துவதே தூக்கத்தைக் கெடுக்கும் நிலைக்கு 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் "ஆர்த்தோசோம்னியா" எனப் பெயரிட்டனர். ஆய்வகத்தில் ஆழ்ந்த தூக்கம் பதிவாகியிருந்தும் பட்டையின் கணக்கையே நம்பியவரும் அவர்கள் விவரித்தவர்களுள் ஒருவர். இதற்கு மறுபுறமும் உண்டு. பலத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சுத் தடை, பகலில் தூங்கி வழிதல் ஆகியவை இருந்தால், பட்டை நல்ல மதிப்பெண் தந்தாலும் மருத்துவரை நாட வேண்டும்.